பையும் பறையும், நடுவில் துரைமாரும்

ஸ்காட்லாந்தில் கில்வின்னிங் என்றொரு சிற்றூர். அங்கே ஃப்ரீமேசன்களின் லாட்ஜ் ஒன்று உண்டு. அதன் எண் 0. கணக்குப்பிள்ளை செய்த பிழை என்று நினைக்க வேண்டாம். சண்டை போட்டு வாங்கிய பூஜ்ஜியம் அது.

1736-இல் அந்த நாட்டு லாட்ஜுகள் கூடி ஒரு தலைமைச் சங்கம் அமைத்தன. உடனே யார் மூத்தவர் என்ற கேள்வி வந்தது. பழைய ஏடு யாரிடம் இருக்கிறதோ அவருக்கே முன் எண் என்று முடிவானது. எடின்பரோவின் மேரிஸ் சேப்பல் லாட்ஜ், 1599-ஆம் ஆண்டின் கூட்டக் குறிப்பை எடுத்து மேசையில் வைத்தது. கில்வின்னிங்காரர்களிடம் வீறாப்பு இருந்தது, காகிதம் இல்லை. எங்கள் ஊர் மடாலயத்தைக் கட்டிய கல்தச்சர்களின் வாரிசுகள் நாங்கள் என்று சொல்லிப் பார்த்தார்கள். எடுபடவில்லை. 1743-இல் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியேறினார்கள். 64 வருடம் தனிக்குடித்தனம். 1807-இல் ஒருவழியாகச் சமாதானம் ஆனது. 1 என்ற எண் மேரிஸ் சேப்பலிடமே இருக்கட்டும், உங்களுக்கு அதற்கும் முன்னால் இடம் தருகிறோம் என்றார்கள். ஒன்றுக்கு முன்னால் என்ன இருக்கிறது? இன்று வரை அந்த லாட்ஜ் 'தாய் கில்வின்னிங், எண் 0'. கோயில் திருவிழாவில் முதல் பரிவட்டம் யாருக்கு என்று மூன்று தலைமுறை வழக்கு நடத்தும் நம் ஊர்ப் பெரியவர்களுக்கு இந்த யோசனை தோன்றாமல் போயிற்றே என்பதுதான் என் வருத்தம்.

இத்தனைக்கும் சண்டை போட்டவர்களில் உளி பிடித்தவர்கள் குறைவு. கல்தச்சர் சங்கமாகத் தொடங்கியது, போகப்போக வக்கீல்களும் நிலக்கிழார்களும் வியாபாரிகளும் மாலை நேரத்தில் கூடும் இடமாகிவிட்டது. லண்டனில் 1717-இல் நான்கு லாட்ஜுகள் சேர்ந்து தலைமைச் சங்கம் தொடங்கிய இடமே ஒரு மதுக்கடை. இடுப்பில் தோல் ஏப்ரன், கையில் மூலைமட்டமும் கவராயமும், கைகுலுக்குவதில் ஒரு சங்கேதம். உள்ளே என்னதான் ரகசியம் என்று முந்நூறு வருடமாக ஊர் மண்டையை உடைத்துக்கொள்கிறது. விருந்துதான் ரகசியம் என்பது என் கட்சி. வீட்டில் சொல்லிவிட்டுக் குடிக்கப் போக முடியாத ஆண்களுக்குச் சடங்கோடு கூடிய ஒரு சாக்கு வேண்டியிருந்தது.

லாட்ஜுக்குள் நடப்பது ரகசியம் என்றாலும், வெளியே வந்தால் ஊர்வலம். அடிக்கல் நாட்டு விழா, யோவான் திருநாள், சகோதரர் ஒருவரின் சவ அடக்கம் என்று ஏதாவது ஒரு சாக்கில் ஏப்ரனோடு தெருவில் இறங்குவார்கள். தெருவில் இறங்கினால் மேளம் வேண்டும். அப்படித்தான் லாட்ஜோடு முரசும் தோல்பைக் குழலும் ஒட்டிக்கொண்டன. ஏப்ரன், பை, பாவாடை, பறை ஆகிய இந்த நான்கும் எப்படி நம் பக்கம் வந்தன, ஆனைமலைக்கும் ஏலமலைக்கும் எப்படி ஏறின என்பதுதான் இங்கே சொல்லப்போகும் புராணம்.

முதலில் வந்தது ஏப்ரன். மதராஸில் 1752-லேயே லாட்ஜ் தொடங்கிவிட்டது. 1770-களில் அதில் ஒரு பெரிய மீன் மாட்டியது. ஆர்க்காட்டு நவாப் முகமதலியின் மூத்த மகன் உம்தத்-உல்-உமரா திருச்சியில் சகோதரராகச் சேர்ந்தார். செய்தி லண்டனுக்குப் போனதும் தலைமைச் சங்கத்துக்குத் தலைகால் புரியவில்லை. அலங்கரித்த ஏப்ரன் ஒன்றையும் சங்க விதிப் புத்தகத்தையும் கப்பலேற்றி அனுப்பிவைத்தது. இளவரசரும் பாரசீகத்தில் உருக்கமான நன்றிக் கடிதம் எழுதினார். 1795-இல் அவரே நவாப் ஆனார். 1801 ஜூலையில் கண்ணை மூடினார். அந்த மாதமே கிழக்கிந்தியக் கம்பெனி அவர் மகனை ஒதுக்கிவிட்டு, தனக்குத் தோதான ஒருவரை ஒப்பந்தத்தில் கையெழுத்திட வைத்துக் ஆர்க்காட்டு ராஜ்யம் முழுவதையும் எடுத்துக்கொண்டது. சகோதர பாசம் ஏப்ரனோடு சரி. கஜானாச் சாவிக்கு அது செல்லாது.

அடுத்தது பை. பேக்பைப் என்றாலே ஸ்காட்லாந்து என்று உலகம் நம்புகிறது. அந்த நம்பிக்கையைக் கெடுக்க ரோம் நகரத்து நீரோ ஒருவனே போதும். ரோம் எரிந்தபோது அவன் பிடில் வாசித்தான் என்கிறோம். பிடில் அப்போது பிறக்கவே இல்லை. வரலாறு எழுதிய சூட்டோனியஸ் சொல்வது வேறு கதை. கடைசிக் காலத்தில், என் ஆட்சி தப்பிப் பிழைத்தால் நீர் ஆர்கனும் குழலும் தோல்பைக் குழலும் மேடையேறி வாசிப்பேன் என்று நீரோ வேண்டிக்கொண்டானாம். ஆட்சி தப்பவில்லை. ரோமாபுரியின் காது தப்பியது.

வாத்தியத்தைப் பார்த்தால் அதிசயமாக ஒன்றுமில்லை. கக்கத்தில் ஒரு தோல் பை, அதற்குள் காற்றடைக்க ஒரு குழாய், விரல் வைத்து வாசிக்க ஒன்பது சுரம் மட்டுமே உள்ள ஒரு குழல், தோளின்மேல் சாய்ந்து ஒரே சுரத்தை விடாமல் பிடித்திருக்கும் மூன்று நீளக் குழல்கள். நம் நாகசுரக் கச்சேரியில் இந்தக் கடைசி வேலைக்குத் தனியாக ஆள் உண்டு. காலமெல்லாம் ஒரே சுரத்தை ஊதி, ஊர் வாயில் பழமொழியாகவும் ஆகிப்போன ஒத்துக்காரர். ஸ்காட்லாந்துக்காரர் சிக்கனக்காரர். ஒத்து ஊத ஆள் வைத்தால் கூலி கொடுக்க வேண்டும் என்று அந்த வேலையைப் பையிடமே விட்டுவிட்டார். சத்தத்தைக் கூட்டவோ குறைக்கவோ வழியில்லை. பாட்டின் நடுவில் மூச்சுவிட இடைவெளியும் இல்லை. பை காலியாகும்வரை கேட்கிறவருக்கு விடுதலை கிடையாது.

நமக்கும் பை உண்டு. துத்தி என்று பெயர். பரதநாட்டியம் என்ற மரியாதையான பெயரைப் பெறுவதற்கு முன்பு சதிர் என்று ஆடப்பட்ட காலத்தில், சின்ன மேளத்தின் பின்வரிசையில் ஒருவர் தோல் பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு சுருதி போட்டுக்கொண்டிருப்பார். முகவீணை, மிருதங்கம், தாளம், நட்டுவனார் எல்லாரையும் தாங்கிப் பிடித்தது அந்தப் பைதான். பிறகு கலை மேல்வீட்டுக்குக் குடிபோனபோது பையை வாசலிலேயே விட்டுவிட்டுப் போனார்கள். சுருதிப்பெட்டி வந்தது. அதே காலத்தில் எடின்பரோவில் பை ஊதியவருக்குப் படமும் பதக்கமும் கிடைத்தன என்பதையும் சேர்த்து நினைத்துக்கொள்ளலாம்.

ஸ்காட்லாந்துப் பை தமிழ் மண்ணில் அரங்கேறிய இடம் நமக்கு நன்றாகத் தெரிந்த ஊர்தான். பரங்கிப்பேட்டை. 1781 ஜூலை 1. ஒரு பக்கம் ஐதர் அலியின் கடல் போன்ற குதிரைப்படை. மறுபக்கம் சர் அயர் கூட்டின் சின்னப் படை. அதில் ஸ்காட்லாந்து மலைநாட்டு ஆட்களை வைத்து மெக்லியோட் பிரபு திரட்டிய 73-ஆம் ஹைலேண்டர் படையும் இருந்தது. கூட் அயர்லாந்துக்காரர். பேக்பைப் அவருக்கு ஆகாது. காட்டுமிராண்டிக் காலத்து மிச்சம், இதனால் யாருக்கு என்ன பயன் என்று முன்பே முகம் சுளித்தவர். அன்றைக்குச் சண்டை உக்கிரமானபோது ஒரு குழல்காரர் மட்டும் குண்டுமழைக்கு நடுவே ஊதிக்கொண்டே இருந்தாராம். கூட் மனம் மாறி, சண்டை முடியட்டும், உங்களுக்கு வெள்ளியில் குழல் வாங்கித் தருகிறேன் என்று கத்தினாராம். ராணுவத்தில் மேலதிகாரி போர் நடுவே கொடுக்கும் வாக்குறுதி காப்பாற்றப்படுவது அபூர்வம். இது காப்பாற்றப்பட்டது. 50 பவுண்டு கொடுத்தார். படைக்கு வெள்ளிக் குழல் வந்தது.

கூட்டின் படையில் பெரும்பகுதி ஹைலேண்டர்கள் இல்லை. மதராஸ் சிப்பாய்கள், அதாவது தமிழரும் தெலுங்கரும். அவர்களுக்கும் முரசடிக்கிறவர்கள் இருந்தார்கள். வெள்ளியில் குச்சி வாங்கித் தருகிறேன் என்று யாரும் கத்தியதாக எழுதிவைக்கப்படவில்லை. இந்த இடத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் பில் வரும்.

அதே 73-இல் டேவிட் பெயர்ட் என்று ஒரு கேப்டன். முந்தைய வருடம் காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் பொள்ளிலூரில் ஐதரின் படை கம்பெனிப் படையைச் சுருட்டியபோது பிடிபட்டு, ஸ்ரீரங்கப்பட்டணத்துச் சிறையில் மூன்றரை வருடத்துக்கு மேல் கிடந்தார். கைதிகளை இரண்டிரண்டு பேராகச் சங்கிலியில் பிணைத்திருக்கிறார்கள் என்று ஸ்காட்லாந்துக்குச் செய்தி போனது. பெயர்டின் தாயார் கண்ணீர் விடவில்லை. எங்கள் டேவியோடு கட்டப்பட்டவனைத்தான் கடவுள் காப்பாற்ற வேண்டும் என்றாராம். பிள்ளையைத் தெரிந்த தாய்.

பாலக்காட்டுக்கும் ஒரு ஸ்காட்லாந்துக்காரர் வந்தார். கர்னல் ஃபுல்லார்ட்டன். கில்வின்னிங் இருக்கும் அதே ஏர்ஷயர் மாவட்டத்து ஆள். 1783 நவம்பரில் ஆனைமலைக் காட்டில் விடாத மழையில் சகதியைக் கடந்து, ஐதர் கட்டிய பாலக்காட்டுக் கோட்டையைப் பிடித்தார். கோயம்புத்தூரையும் பிடித்தார். மீசையை முறுக்கிக்கொண்டு அடுத்தது ஸ்ரீரங்கப்பட்டணம்தான் என்று கிளம்பும் நேரத்தில் மதராஸிலிருந்து உத்தரவு வந்தது. சமாதானம் பேசுகிறோம், பிடித்ததைத் திருப்பிக் கொடுத்துவிடு. மனிதர் எப்படி நொந்திருப்பார் என்று நினைத்துப் பார்க்கிறேன். பாலக்காட்டு மழையில் நனைந்து, பாலக்காட்டிலேயே உட்கார்ந்து காப்பி குடிக்கக்கூட விடாமல் அனுப்பிவிட்டார்கள்.

கோட்டையைச் சுற்றி இந்தக் கூத்து நடந்த அதே தலைமுறையில், மதராஸ் பக்கம் மணலியில் முத்துசுவாமி தீட்சிதர் குடும்பம் தங்கியிருந்தது. மதராஸ் கோட்டைக்குப் போய்க் கம்பெனிப் பேண்டு வாசிப்பதைக் கேட்டார்கள். தீட்சிதர் கேட்டதை அப்படியே சமஸ்கிருதப் பாட்டாக்கிவிட்டார். இங்கிலாந்து ராஜாவை ஆண்டவன் காப்பாற்றட்டும் என்ற மெட்டு 'சந்ததம் பாஹிமாம்' ஆனது. மெக்டொனால்டு பிரபுவின் பெயரில் ஸ்காட்லாந்தில் குதித்துக் குதித்து ஆடும் மெட்டு ஒன்று 'ஜகதீச குருகுஹ' ஆனது. கம்பெனி நாட்டை எடுத்துக்கொண்டது, தீட்சிதர் அவர்கள் மெட்டை எடுத்துக்கொண்டார். இரண்டில் எது இன்னும் கையில் இருக்கிறது என்று பார்த்தால் தீட்சிதரே கெட்டிக்காரர்.

பாவாடைக்கு வருவோம். கில்ட் என்னும் அந்தக் கட்டம் போட்ட குட்டைப் பாவாடை ஆதிகாலத்து வீரர் உடை என்பார்கள். பழைய ஹைலேண்டர் உடம்பு முழுக்கச் சுற்றிக்கொண்டது ஒரு நீளக் கம்பளி. அதை இடுப்போடு வெட்டிக் குட்டையாக்கியவர் 1720-களில் அங்கே இரும்பு உலை நடத்திய தாமஸ் ராலின்சன் என்று ஒரு பழைய கடிதம் சொல்கிறது. வேலைக்காரர்கள் கம்பளியில் தடுக்கி விழாமல் உலையில் வேலை பார்க்க வேண்டுமே என்பது அவர் கவலை. ராலின்சன் இங்கிலாந்துக்காரர்! ஸ்காட்லாந்தின் மானம் ஓர் ஆங்கில முதலாளியின் வேலை வசதிக்காக வெட்டப்பட்டது என்ற இந்தக் கதையைச் சொன்னால் அங்கே இன்றைக்கும் அடிதடி ஆகும். ஆகவே எடின்பரோவில் சொல்ல வேண்டாம், சித்தூரிலோ தேவிகுளத்திலோ சொல்லுங்கள். முண்டு மடக்கிக் கட்டத் தெரிந்த ஊர்களில் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

1746-இல் ஹைலேண்டர் கலகம் அடங்கியதும் ஹைலேண்டு உடைக்குச் சட்டம் போட்டுத் தடை. 1782-இல் தடை நீங்கியது. 1822-இல் நான்காம் ஜார்ஜ் மன்னர் எடின்பரோவுக்கு வந்தபோது, நாவலாசிரியர் வால்டர் ஸ்காட் விழா மேடையை ஜோடித்தார். தொந்தியும் தொப்பையுமான ராஜாவுக்குக் கில்ட் கட்டி, கால் தெரியாமல் இருக்கத் தோல் நிறத்தில் இறுக்கமான கால்சட்டையும் மாட்டிவிட்டார்கள். நேற்று வரை குற்றம், இன்றைக்கு ராஜ உடை. அதற்குப் பிறகு ஒவ்வொரு குலத்துக்கும் ஒரு கட்டம், ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு பழம்பெருமை. துணி வியாபாரிகளுக்கு அடித்தது யோகம்.

இனி மலை ஏறலாம்.

மூணாற்றுக்கு முதலில் வந்த வெள்ளைக்காரர், பிற்காலத்தில் வெலிங்டன் பிரபு ஆன ஆர்தர் வெல்லெஸ்லி என்றும், திப்புவை மடக்க 1790-இல் இந்த மலையில் முகாம் போட்டார் என்றும் கேட்டிருப்பீர்கள். சுற்றுலா வழிகாட்டிகள் மனப்பாடமாகச் சொல்லும் கதை. 1790-இல் அவர் டப்ளினில் அயர்லாந்து வைஸ்ராய்க்கு எடுபிடி அதிகாரி. அந்த வருடம்தான் ட்ரிம் தொகுதியிலிருந்து அயர்லாந்துப் பாராளுமன்றத்துக்குப் போனார். இந்தியாவில் கால் வைத்தது 1797-இல். ஏழு வருடம் முன்கூட்டியே வந்து மூணாற்றைப் பார்த்துவிட்டுப் போக அவர் சித்தரா என்ன? அவர் பெயரில் ஓர் ஊர் நிஜமாக இருப்பது நீலகிரியில். அந்த வெலிங்டனில் மெட்ராஸ் ரெஜிமெண்டின் மையம் இருக்கிறது, அங்கே நம் ஊர்ப் பையன்கள் பேக்பைப் ஊதி அணிவகுக்கிறார்கள். வெள்ளைக்காரன் போனான், பை போகவில்லை.

நிஜமாக மலைக்கு வந்தவர் ஜான் டேனியல் மன்றோ. ஸ்காட்லாந்துக் குலப் பெயர். 1877 ஜூலை 11-இல் பூஞ்சாற்று ராஜாவிடம் 227 சதுர மைல் மலையை வருடக் குத்தகை 3,000 ரூபாய்க்கு எழுதி வாங்கினார். ராஜா சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டார். காட்டு நிலம்தானே, யானையும் அட்டையும் போக என்ன இருக்கிறது என்று நினைத்திருப்பார். அங்கே முதுவர்கள் இருந்தார்கள். வழி காட்டிய முதுவத் தலைவர்கள் கண்ணன், தேவன் என்கிறது மலையின் கதை. இருவர் பெயரும் மலைக்கும் கம்பெனிக்கும் தேயிலைப் பொட்டலத்துக்கும் போயின. மலை கம்பெனிக்குப் போனது. 1895-இல் கிளாஸ்கோவின் ஃபின்லே கம்பெனி உள்ளே வந்தது. 1897-இல் கண்ணன் தேவன் கம்பெனி பதிவானது. கிளாஸ்கோ கம்பெனி என்றால் துரைகளும் அந்தப் பக்கத்து ஆட்களே.

துரைமார் குடியேறியதும் அவர்களுக்கு வேண்டிய சாமான்கள் ஒவ்வொன்றாக ஏறின. ஹை ரேஞ்ச் கிளப் வந்தது. அதன் மதுக்கூடச் சுவரில் பல்லாண்டு மலையில் குப்பை கொட்டிய தோட்டத் துரைகளின் தொப்பிகள் இன்றும் மாட்டியிருக்கின்றன. கல்லறைத் தோட்டம் வந்தது. அதற்குப் பிறகு பதினைந்து வருடத்துக்கு மேல் கழித்துத்தான் தேவாலயம் வந்தது. 1894-இல் காலராவில் இறந்த இளம் துரைசாணி ஒருவரை அடக்கம் செய்த குன்றின் அடிவாரத்தில்தான் கிறைஸ்ட் சர்ச் எழுந்தது. ஃப்ரீமேசன்களுக்கு ஒரு லாட்ஜும் வந்தது. பெயர் 'ஹெதர்'. ஸ்காட்லாந்து மேட்டுநிலத்தில் ஊதா நிறத்தில் பூத்துக் கிடக்கும் ஒரு புதர்ச்செடியின் பெயர் அது. காலடியில் பன்னிரண்டு வருடத்துக்கு ஒருமுறை மலை முழுக்க ஊதா விரிக்கும் குறிஞ்சியை வைத்துக்கொண்டு, ஆயிரக்கணக்கான மைலுக்கு அப்பால் இருக்கும் புதரை நினைத்து ஏங்கியிருக்கிறார்கள். ஊர் ஏக்கம் என்றால் இதுதான். நம் ஆட்களும் தோட்டத் தொழிலாளர் லயத்துக்கு மாரியம்மனைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்தவர்கள்தான், ஆகவே இதில் சிரிக்க எனக்கு முழு உரிமை இல்லை.

குறிஞ்சி என்றதும் பறை ஞாபகம் வருகிறது. எந்த நிலத்தில் எந்த மேளம் என்று நம் அகப்பொருள் இலக்கணக்காரர்கள் எப்போதோ ஒதுக்கீடு செய்து முடித்துவிட்டார்கள். தெய்வம், உணவு, மரம், பறவை என்று போகும் கருப்பொருள் பட்டியலில் பறைக்கும் தனி இடம். மலைக்குத் தொண்டகப்பறை. கடற்கரைக்கு மீன்கோட்பறை. காட்டுக்கு ஏறுகோட்பறை. இதைவிட ஒழுங்கான பேண்டு நிர்வாகத்தை எந்த லாட்ஜும் செய்ததில்லை. துரை மலை ஏறுவதற்கு முன்பே மலைக்கு மேளம் ஒதுக்கப்பட்டுவிட்டது.

பாலக்காட்டுப் பக்கம் கேட்கவே வேண்டாம். பல்லாவூர் அப்பு மாரார் சகோதரர்கள் செண்டை எடுத்த காலத்தில் அது தாயம்பகை. திமிலை, மத்தளம், இடக்கை, இலத்தாளம், கொம்பு சேர்ந்தால் பஞ்சவாத்தியம். மிருதங்கத்துக்கு மணி ஐயர். மைக் வைத்துக் கச்சேரி செய்வதே பிடிக்காது என்று நின்றவர். அந்த விஷயத்தில் அவரும் பேக்பைப்காரரும் ஒரே கட்சி. சித்தூர் பகவதி கோயிலில் மாசி மாதம் கொங்கன் படை நடக்கும். கொங்கு நாட்டிலிருந்து படையெடுத்து வந்த ராஜாவை பகவதி அருளால் ஊர் விரட்டியடித்த வரலாற்றைத் தாரை தப்பட்டையோடு மறுபடி நடத்துவார்கள். அதாவது தமிழ்ப் படை வருடா வருடம் வந்து வருடா வருடம் தோற்கும். எல்லைப்புறத் தமிழரும் கூட்டத்தில் நின்று கைதட்டிவிட்டு வருவார்கள். மேளம் நன்றாக இருந்தால் தோல்வி பெரிதாகத் தெரிவதில்லை.

மலையில் மேளத்துக்கு வேறு வேலை கொடுத்தார்கள். கங்காணிகள் திருநெல்வேலி, மதுரை, ராமநாதபுரத்துக் கிராமங்களிலிருந்து ஆள் கட்டிக்கொண்டு போன இடங்களெல்லாம், இலங்கை மலையகமானாலும் இந்தப் பக்கத்து மலைகளானாலும், ஆட்களோடு தப்பு என்ற பறையும் போனது. இலங்கைத் தோட்டங்களில் விடியுமுன் தப்படித்துத்தான் லயங்களை எழுப்பினார்கள். குளிரில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு பெரட்டு என்ற ஆள்கணக்கெடுப்புக்கு ஓடி வந்து பேர் கொடுக்க வேண்டும். பிந்தினால் அன்றைய பேர் போச்சு. ஊரில் சாமிக்கும் சாவுக்கும் அடித்த மேளம் இங்கே கடிகாரம் ஆனது. துரை பங்களாவில் ஒரு சத்தம் எழுந்தால் அது இசை, லயத்தில் எழுந்தால் அது அலாரம். அடித்த கை வேறு எந்த உலகத்தில் இருந்திருந்தாலும் கலைஞரின் கை ஆகியிருக்கும். இங்கே அது அரைக்கூலி வேலை.

மேளத்துக்கும் தெருவுக்கும் உள்ள சண்டை நமக்கு மட்டும் சொந்தமில்லை. வட அயர்லாந்தில் 1795-இல் ஆரஞ்சு சங்கம் பிறந்தது. ஃப்ரீமேசன்களைப் பார்த்து லாட்ஜ், பதவி, பட்டை எல்லாவற்றையும் அப்படியே எடுத்துக்கொண்டது. லாட்ஜுக்கு லாட்ஜ் பேண்டு. குழல் பேண்டு, பேக்பைப் பேண்டு, கூடவே லாம்பெக் என்று மூன்றடி விட்டத்துக்கு வரும் ஒரு முரசு. ஜூலை 12 வந்தால் ஊர்வலம். அந்த ஊர்வலம் கத்தோலிக்கர் தெரு வழியாகப் போகலாமா என்பதில் தலைமுறை தலைமுறையாக மண்டை உடைந்தது. கடைசியில் எந்தத் தெருவில் எந்த மேளம் போகலாம் என்று முடிவு செய்ய 1998-இல் சட்டம் போட்டு ஓர் ஆணையத்துக்கே அதிகாரம் கொடுத்தார்கள். நம் தாசில்தார்கள் சப்பரம் எந்தத் தெருவில் திரும்பலாம் என்று உட்கார்ந்து செய்யும் சமாதானக் கூட்டத்துக்கு அங்கே சம்பளத்தோடு தலைவர், உறுப்பினர், அலுவலகம். ஒரே ஒரு வித்தியாசம். அங்கே பிறத்தியார் தெருவுக்குள் மேளத்தோடு போவேன் என்று அடிப்பவர் சண்டை போடுகிறார். இங்கே மேளம் மட்டும் வேண்டும், அடிப்பவர் தெருவுக்குள் வேண்டாம் என்று கேட்பவர் சண்டை போட்டார்.

லாட்ஜும் பையும் பறையும் முழுசாகக் கல்யாணம் செய்துகொண்டது அமெரிக்காவில். நியூயார்க்கில் நிக்கர்பாக்கர் காட்டேஜ் என்ற உணவு விடுதியில் ஒரே மேசையில் உட்காரும் ஃப்ரீமேசன் சிநேகிதர்கள் சிலருக்கு லாட்ஜ் சடங்கு சலித்துப்போனது. இன்னும் கொஞ்சம் கூத்து வேண்டும். வால்டர் ஃபிளெமிங் என்ற மருத்துவரும் வில்லியம் ஃபிளாரன்ஸ் என்ற நாடக நடிகரும் சேர்ந்து 1872-இல் ஷ்ரைனர் சங்கத்தைத் தொடங்கினார்கள். அரபு நாட்டு வேஷம், தலையில் குஞ்சம் வைத்த சிவப்புத் தொப்பி, முதல் கிளைக்குப் பெயர் 'மெக்கா'. அரபு யாருக்கும் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் வரவில்லை. கிளைக்குக் கிளை அணிகள் முளைத்தன. கோமாளி அணி, குட்டிக் கார் ஓட்டும் அணி, பாம்பாட்டி மெட்டு வாசிக்கும் 'கீழ்த்திசை' பேண்டு, ஹைலேண்டர்ஸ் என்ற பேக்பைப் முரசு அணி. சிகாகோவில் பிறந்து வளர்ந்த பல் டாக்டர் ஒருவர், ஆங்கிலேயர் வெட்டிய ஸ்காட்லாந்துப் பாவாடையைக் கட்டிக்கொண்டு, அரபு வேஷச் சங்கத்தின் சார்பில், ரோமாபுரிப் பையை ஊதிக்கொண்டு தெருவில் நடப்பதை மனதில் ஓட்டிப் பாருங்கள். உலக நாகரிகமெல்லாம் ஒரே உடம்பில். ஆனாலும் 1922-இல் குழந்தைகளுக்கு இலவச மருத்துவமனை தொடங்கி, வரிசையாகக் கட்டிக்கொண்டே போனவர்களும் இவர்கள்தான். அந்தக் கணக்கில் பாவாடையை மன்னித்துவிடலாம்.

வேஷம் போட்டவர்களை நான் குறை சொல்லவில்லை. நம் ஊர்க் கல்யாணத்தில் பேண்டு செட் பித்தளைப் பொத்தானும் தோள்பட்டைக் குஞ்சமும் வைத்துச் சினிமாப் பாட்டு வாசிப்பதும் இதே குடும்பத்துச் சொத்துதான். ஆண்பிள்ளைக்கு ஒரு தொப்பி, ஒரு பட்டை, ஒரு பதவிப் பெயர், கொஞ்சம் சத்தம் கொடுத்துவிட்டால் போதும், நாற்பது வருடம் சந்தா கட்டுவான். நான் கேட்பது கூலிக் கணக்கு. பை ஊதியவனுக்கு வெள்ளி, தொப்பி போட்டவனுக்குச் சுவர், விடியலில் மலையை எழுப்பியவனுக்கு ஒன்றுமில்லை என்றால் கணக்கு எங்கேயோ உதைக்கிறது.

மூணாற்றிலோ நெல்லியாம்பதியிலோ எஸ்டேட் கோயில் திருவிழா நடக்கும் நாளில் போக நேர்ந்தால், தப்பு செட்டுக்குப் பக்கத்தில் நின்று கேளுங்கள். செல்போனில் படம் எடுப்பதற்கு முன்பு அடிக்கிறவரின் பெயரைக் கேளுங்கள், ஊரைக் கேளுங்கள், கையில் பணத்தையும் கொடுங்கள். எவ்வளவு என்று குழம்ப வேண்டாம். பேக்பைப் பிடிக்காத அயர் கூட்டே 1781-இல் 50 பவுண்டு கொடுத்திருக்கிறார். விலைவாசி ஏறியிருக்கிறது, அதற்குக் குறைவாகக் கொடுத்துவிட்டு வராதீர்கள்.